ரெபெக்கா: செத்தவளைப் பார்த்துப் பயப்படும் நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ரெபெக்கா? என்ன நாவல் இது?

டாஃப்னி டு மோரியே எழுதி 1938-ல் லண்டனில் வெளியான ஆங்கில நாவல். உளவியல் திரில்லர் என்று இன்று புத்தகக் கடையில் தனி அலமாரியே இருக்கிறதே, அதில் உள்ள பாதிப் புத்தகங்களுக்கு இதுதான் பாட்டி. பெரிய வீடு, ரகசியம் வைத்திருக்கும் கணவன், தன்னையே நம்பாத மனைவி, முகத்தில் எதையும் காட்டாத வேலைக்காரி என்று இப்போது வரும் கதைகளில் பார்ப்பதெல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது, பெரும்பாலும் இதில்தான் நன்றாகவும் இருக்கிறது.

கதையைக் கெடுக்காமல் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். மான்டி கார்லோவில் ஒரு பணக்கார அம்மாளுக்குத் துணையாளாகச் சம்பளத்துக்கு இருக்கும் பெண், வயது இருபத்தொன்று, சொந்தம் என்று யாரும் கிடையாது. அங்கே மேக்ஸிம் டி விண்டர் என்ற நாற்பத்திரண்டு வயதுக்காரரைச் சந்திக்கிறாள். இங்கிலாந்தில் கடலோரமாக மாண்டர்லி என்ற பெரிய மாளிகை அவருக்குச் சொந்தம். மனைவி ரெபெக்கா கடலில் படகு கவிழ்ந்து இறந்து ஏறத்தாழ ஒரு வருடம்தான் ஆகிறது. சில வாரப் பழக்கத்திலேயே கல்யாணம் முடிந்து, இரண்டாந்தாரமாக மாண்டர்லிக்கு வந்து இறங்குகிறாள். வீடு முழுக்க மூத்தவள்தான். அவள் வைத்த இடத்தில் வைத்த பொருள், அவள் போட்ட சமையல் பட்டியல், அவள் கையெழுத்து, அவள் வளர்த்த நாய். அந்த வீட்டை நடத்தும் மிஸஸ் டான்வர்ஸ் என்பவளுக்கு ரெபெக்காதான் தெய்வம், வந்தவள் யாரோ. இதுதான் முதல் பாதி. மீதியைக் கீழே எச்சரிக்கை போட்ட பிறகு பேசலாம்.

பேய்க் கதையா?

இல்லை. பேயே வராது. கதவு தானாகத் திறக்காது, ராத்திரியில் யாரும் அழமாட்டார்கள். ஆனாலும் நிறையப் பேர் இதைப் பேய்க் கதை என்றே ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

முதல் நூறு பக்கம் ரொம்ப மெதுவாகப் போகிறதே, எதுவுமே நடக்கவில்லையே?

அதிகம் வரும் புகார் இதுதான். கொலை, துரத்தல், போலீஸ் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காதுதான். ஆனால் அந்தப் பக்கங்களில் நடப்பதெல்லாம் அவள் மண்டைக்குள் நடக்கிறது, அதைப் பார்க்கப் பழகிவிட்டால் இவ்வளவு வேகமான நாவல் வேறு இல்லை என்று தோன்றும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மாண்டர்லிக்கு வந்த மறுநாள் காலை. கணவர் ஏதோ வேலையாகப் போய்விட்டார். எங்கே உட்காருவது, எந்த அறையில் தீ மூட்டியிருப்பார்கள் என்பதுகூடத் தெரியாமல் தடுமாறி, கடைசியில் ரெபெக்கா கடிதம் எழுதும் அறைக்கு வந்து அவள் மேசையில் உட்காருகிறாள். டெலிபோன் அடிக்கிறது. எடுத்தால், மிஸஸ் டி விண்டரா என்று ஒரு குரல். இவள் பதறிப்போய், தவறாகக் கூப்பிட்டுவிட்டீர்கள், மிஸஸ் டி விண்டர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறதே என்கிறாள். சொல்லி முடித்த பிறகுதான் உறைக்கிறது, அந்த மிஸஸ் டி விண்டர் இப்போது இவள்தான் என்று. கூப்பிட்டது வீட்டுக்குள்ளிருந்தே மிஸஸ் டான்வர்ஸ், மதியச் சாப்பாட்டுப் பட்டியல் சரியா என்று கேட்க. அவ்வளவுதான் காட்சி, யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் தன் வாயாலேயே தன்னை அந்த வீட்டிலிருந்து அழித்துக்கொண்டாள், அதையும் யாரிடம் செய்தாள் பாருங்கள்.

அடுத்து அந்தப் பீங்கான் பொம்மை. அதே மேசையில் இருக்கும் விலையுயர்ந்த ஒரு சின்ன மன்மதச் சிலையை இவள் கை தவறி உடைத்துவிடுகிறாள். வீட்டு எஜமானி. உடைந்துவிட்டது, பெருக்கி எடு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. இவளோ துண்டுகளைப் பொறுக்கி இழுப்பறையின் உள்பக்கம் ஒளித்துவைக்கிறாள். பிறகு வேலைக்காரன் மேல் திருட்டுப் பழி வந்து, விஷயம் கணவர்வரை போய், மிஸஸ் டான்வர்ஸை வைத்துக்கொண்டே நான்தான் உடைத்தேன் என்று சொல்லவேண்டிய நிலை. படிக்கும் நமக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு பொம்மை உடைந்ததற்கு இவ்வளவு பதற்றமா என்றால், ஆமாம், மாமியார் வீட்டில் முதல் மாதம் பாத்திரத்தைக் கீழே போட்ட எவருக்கும் அந்தப் பதற்றத்தைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

இதையெல்லாம் தள்ளிவிட்டு, சீக்கிரம் விஷயத்துக்கு வா என்று பக்கம் புரட்டினால் பின்னால் வரும் அடி விழாது. அந்த அடி விழ, நாம் அவளாகவே மாறியிருக்கவேண்டும், அதற்குத்தான் அத்தனை பக்கம்.

வீடு போய்விட்டது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார், அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?

முதல் அத்தியாயம் ஒரு கனவு. மாண்டர்லி புதர் மண்டிக் கிடக்கிறது, இனி அங்கே திரும்பிப் போக முடியாது என்று தெரிகிறது. அடுத்த அத்தியாயத்தில் கணவனும் மனைவியும் ஏதோ வெளிநாட்டில் சின்ன ஹோட்டல்களில் நாள் கடத்துகிறார்கள், சேர்ந்துதான் இருக்கிறார்கள், ஆனால் சில பேச்சுகளைத் தவிர்க்கிறார்கள். ஆக, முடிவில் பாதி கையில் கொடுத்துவிட்டார். இருவரும் பிழைத்தார்கள், வீடு பிழைக்கவில்லை.

இப்படிச் சொல்லிவிட்டால் ‘என்ன ஆகும்’ என்ற கேள்வி போய் ‘எதனால் இப்படி ஆனது’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பின்னால் மாண்டர்லியின் ரோஜாத் தோட்டத்தையும் தேநீர் நேரத்தையும் அவள் எவ்வளவு ஆசையாக விவரித்தாலும், இது நிலைக்காது என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கடைசிப் பக்கம்வரை எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு டமால் என்று திறப்பதுதான் திரில்லர் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு அத்தியாயத்தையும் மறுபடி படிக்கலாம்.

கதை சொல்லும் பெண்ணுக்குப் பெயர் ஏன் இல்லை?

முழு நாவலிலும் கிடையாது. அழகான, அபூர்வமான பெயர் என்று மேக்ஸிம் ஓரிடத்தில் சொல்கிறார், என்ன பெயர் என்று சொல்வதில்லை. பெயர் எதுவும் தோன்றவில்லை, பிறகு பெயரே இல்லாமல் எழுதிப் பார்ப்பது ஒரு சவாலாகிவிட்டது என்று டு மோரியே பின்னாளில் எழுதியிருக்கிறார். காரணம் எதுவானாலும் பலன் பெரிது. செத்தவளின் பெயர் அட்டையில் இருக்கிறது, உயிரோடு இருப்பவளுக்குப் பெயர் இல்லை.

மிஸஸ் டான்வர்ஸ்தானே வில்லி?

வெளியே பார்த்தால் அவள்தான். ஆனால் அவள் செய்வதை எண்ணிப் பார்த்தால் மிகக் கொஞ்சம். கறுப்பு உடையில் நிற்பாள், மரியாதை குறையாமல் பேசுவாள், ரெபெக்காவின் அறையை அப்படியே வைத்திருந்து, அவள் தலை சீவிய பிரஷ், அவள் இரவுடை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். மீதி வேலையை எல்லாம் அந்தப் பெண்ணின் கற்பனையே செய்துகொள்கிறது.

அந்தப் பெண் சும்மா இருக்கும் நேரத்தில் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். சமையலறையில் வேலைக்காரர்கள் தன்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று வசனத்தோடு கற்பனை செய்கிறாள். ஊர்க்காரர்கள் காரில் திரும்பிப் போகும்போது என்ன சொல்லிச் சிரித்திருப்பார்கள் என்று முழுக் காட்சியாக ஓட்டிப் பார்க்கிறாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மனதுக்குள் ரெபெக்காவாகவே நடித்துக்கொண்டிருக்கிறாள், முகபாவம் மாறுவது அவளுக்கே தெரியவில்லை. எதிரே இருந்த மேக்ஸிம் பார்த்துவிட்டு, என்ன யோசித்தாய், உன் முகம் ஏன் அப்படிப் போனது என்று எரிந்து விழுகிறார். அந்த ஒரு பக்கம் போதும், எந்தப் பேயும் தேவையில்லை. என் கணக்கில் இந்த நாவலின் வில்லி அவள் மண்டைக்குள் ஓடும் ஒப்பீடுதான், டான்வர்ஸ் அதற்கு அவ்வப்போது எண்ணெய் ஊற்றுகிறாள்.

(இதற்குக் கீழே கதை முழுக்க உடைபடும். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, புத்தகத்தை முடித்த பிறகு வரலாம்.)

அந்தத் திருப்பம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாறுவேட விருந்து. மாடத்தில் தொங்கும் முன்னோர் படம் ஒன்றைக் காட்டி, அதில் இருப்பது போல் வெள்ளை உடை தைத்துப் போடலாமே என்று யோசனை கொடுக்கிறாள் டான்வர்ஸ். இவளும் ரகசியமாகத் தைத்து, ஆசையாக மாடிப்படியில் இறங்கி வருகிறாள். கீழே நின்றவர்கள் முகம் வெளுக்கிறது. போன விருந்தில் ரெபெக்கா போட்டிருந்த அதே உடை. மறுநாள் மனம் உடைந்து நிற்கும் இவளை டான்வர்ஸ் மாடி ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய், குதித்துவிடேன், ஏன் குதிக்கக் கூடாது என்று காதருகே மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கீழே மூடுபனி. அந்த நேரம் பார்த்து, கரை தட்டிய கப்பலிலிருந்து வெடிச் சத்தம் கேட்டு மயக்கம் கலைகிறது. கப்பலைப் பார்க்க இறங்கிய முக்குளிப்பவர் கடலடியில் ரெபெக்காவின் படகையும், அதன் அறைக்குள் ஒரு உடலையும் காண்கிறார். அப்படியென்றால் ரெபெக்காதான் என்று மேக்ஸிம் முன்பே அடையாளம் காட்டி அடக்கம் செய்த உடல் யாருடையது?

அங்கேதான் மேக்ஸிம் உண்மையைச் சொல்கிறார். ரெபெக்கா மூழ்கிச் சாகவில்லை, நான் சுட்டுக் கொன்றேன், படகில் வைத்து மூழ்கடித்தது நான்தான் என்று.

சரி, கணவன் கொலைகாரன் என்று தெரிந்தால் மனைவிக்கு என்ன தோன்றவேண்டும்? பயம், அருவருப்பு, ஓடிவிட வேண்டும் என்ற எண்ணம். இவளுக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: அவர் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லை. அவ்வளவு நாள் நெஞ்சை அழுத்திய பாறை இறங்கிவிடுகிறது. நாவலின் உண்மையான திருப்பம் இதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது, படிக்கிற நமக்கும் அதே நிம்மதி வருகிறது. ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றதைக் கேட்டு, அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். அதற்கப்புறம் மரண விசாரணையில் படகு கட்டியவர் வந்து, படகில் குறையில்லை, துளைகள் உள்ளேயிருந்து போடப்பட்டவை என்று சாட்சி சொல்லும்போது, ஐயோ மாட்டிக்கொள்வாரே என்று கொலைகாரனுக்காகப் பதறுகிறோம். முதல் பாதியில் ஒரு அப்பாவிப் பெண்ணின் கூச்சத்தோடு நம்மைக் கட்டிப் போட்டது எதற்கு என்று இப்போது புரியும்.

இன்னொன்று, வாக்குமூலத்துக்கு மறுநாளே அவள் மாறிவிடுகிறாள். வேலைக்காரியை அதட்டுகிறாள், சாப்பாட்டுப் பட்டியலில் மிச்சம் மீதியை அடித்துவிட்டுச் சூடாக ஏதாவது செய் என்கிறாள், டான்வர்ஸ் முகத்துக்கு நேரே, இப்போது மிஸஸ் டி விண்டர் நான்தான் என்கிறாள். நூறு பக்கமாக நாம் கேட்கத் துடித்த வசனம். அதைச் சொல்லும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கொஞ்சம் குளிரெடுக்கும்.

ரெபெக்கா உண்மையிலேயே அவ்வளவு கெட்டவளா?

யார் சொல்லித் தெரியும் நமக்கு? கணவன் சொன்னது. அவர் அவளைக் கொன்றவர், கேட்டுக்கொண்டிருப்பவள் அவரை நம்பியே ஆகவேண்டிய நிலையில் இருப்பவள். ரெபெக்கா வேறு ஆண்களோடு பழகினாள், கல்யாணமே ஒரு பேரமாக இருந்தது, இன்னொருவன் குழந்தையை உன் வாரிசாக வளர்ப்பாய் என்று சீண்டினாள், அதனால் சுட்டேன் என்கிறார். கடைசியில் லண்டன் டாக்டர் சொல்வதிலிருந்து அவள் கர்ப்பமே இல்லை, தீராத புற்றுநோய் இருந்தது என்று தெரியவருகிறது. எப்படியும் சில மாதத்தில் வலியோடு சாகவேண்டியவள், மேக்ஸிமைத் தூண்டிவிட்டுத் தன் சாவைத் தானே வரவழைத்துக்கொண்டாள் என்பது மேக்ஸிமின் முடிவு. இருக்கலாம். ஆனால் அவருக்கு இது எவ்வளவு வசதியான முடிவு என்பதையும் பாருங்கள்.

மறுபக்கம், டான்வர்ஸின் பேச்சில் வரும் ரெபெக்கா வேறு: குதிரையை அடக்குகிறவள், யாருக்கும் அடங்காதவள், ஆண்களைப் பார்த்துச் சிரிக்கிறவள். சாட்சியம் தலைகீழாக மாறினாலும் இரண்டு ரெபெக்காவும் பொருந்துகிறார்கள், அதுதான் சுவாரஸ்யம். நான் மேக்ஸிம் சொன்னதைப் பாதிதான் நம்புகிறேன். மொத்தமாக நம்புகிறவர்களோடு சண்டை போடவும் தயார்.

ஆசிரியரின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்த கதையா?

நடந்த கதை இல்லை, ஆனால் அந்த உணர்ச்சி அவருடையதுதான். டு மோரியே 1932-ல் ராணுவ அதிகாரி பிரெடெரிக் பிரௌனிங்கை மணந்தார். பிரௌனிங்குக்கு அதற்கு முன் வேறொரு பெண்ணோடு நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. அந்தப் பெண்ணின் பழைய கடிதங்கள், அந்தக் கம்பீரமான கையெழுத்து, இவர் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தன. நாவலில் ரெபெக்காவின் உயரமான, சாய்ந்த ‘ஆர்’ எழுத்து எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தால் தெரியும். மேக்ஸிமுக்கு ரெபெக்கா கொடுத்த கவிதைப் புத்தகத்தில் அந்தக் கையெழுத்து உள்ள பக்கத்தைக் கதைசொல்லி வெட்டி எடுத்து, கிழித்து, எரித்தே விடுகிறாள்.

எழுத ஆரம்பித்த இடமும் முக்கியம். கணவரின் படைப்பிரிவு எகிப்தில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்தது. அந்த வெயிலில் உட்கார்ந்து இங்கிலாந்தின் கடலோரப் பகுதியான கார்ன்வாலின் மழையையும் கடலையும் நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார். விருந்துபசாரம், அதிகாரி மனைவிக்குரிய வேலைகள் எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை, அந்தத் திணறலும் கதைசொல்லிக்குப் போய்விட்டது. முதலில் எழுதிய பல ஆயிரம் வார்த்தைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதியதுதான் இப்போது நாம் படிப்பது. மாண்டர்லிக்கு மாதிரியாக இருந்தது கார்ன்வாலில் ஃபோயி ஊருக்கு அருகில் காட்டுக்குள் மறைந்திருக்கும் மெனபில்லி என்ற வீடு. நாவல் வந்த பிறகு, 1943-ல், அதையே வாடகைக்கு எடுத்துக் குடியேறி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தார். சொந்தமாக வாங்க முடியவே இல்லை.

படம் பார்த்தால் போதாதா?

ஹிட்ச்காக் எடுத்த 1940 படம் நல்ல படம், சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. ஜூடித் ஆண்டர்சனின் டான்வர்ஸ் கண் இமைக்கக்கூட யோசிப்பது போல் நிற்பார். ஆனால் அன்றைய அமெரிக்கத் தணிக்கை விதிப்படி மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது. அதனால் படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள், மேக்ஸிம் உடலை மட்டும் மறைக்கிறார். மேலே சொன்ன அந்த அசிங்கமான நிம்மதி அங்கேயே காலி. அப்பாவியைக் காப்பாற்றும் சாதாரணக் கதையாகிவிடுகிறது. 1964-ல் பீரேன் நாக் இயக்கத்தில் வஹீதா ரெஹ்மான் நடித்து ‘கோஹ்ரா’ என்று இந்தியில் வந்தது, மூடுபனிக்காகவும் ஹேமந்த் குமாரின் இசைக்காகவும் பார்க்கலாம். 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்ததை விட்டுவிடலாம், படம் அழகாக இருக்கிறது, பயம்தான் இல்லை.

காதல் நாவல் என்று சிலர் சொல்கிறார்களே?

வந்த காலத்திலிருந்தே அப்படி விற்றிருக்கிறார்கள். டு மோரியே தன் பங்குக்கு, இது பொறாமையைப் பற்றிய நாவல் என்றே சொல்லிவந்தார். அவர் பக்கம்தான் நானும். இதில் காதலைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள்: கல்யாணத்துக்கு முன்பு காலைச் சாப்பாட்டு மேசையில், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்கிறார். காதலிக்கிறேன் என்ற வார்த்தை வாயில் வருவது கொலையை ஒப்புக்கொள்ளும் அத்தியாயத்தில்.

ஆங்கிலம் கடினமா?

இல்லை. நீள நீளமான வாக்கியம் உண்டு, அகராதி தேவைப்படும் வார்த்தை குறைவு. செடி, பூ வர்ணனைகளில் தெரியாத பெயர்கள் வரும், தாண்டிப் போனால் நஷ்டமில்லை.

பிடித்திருந்தால் அடுத்து?

அவரே 1951-ல் எழுதிய ‘மை கசின் ரேச்சல்’. அங்கே சந்தேகப்படுகிறவன் ஆண், சந்தேகத்துக்குள்ளாகிறவள் பெண், குற்றம் செய்தாளா இல்லையா என்று ஆசிரியர் கடைசிவரை சொல்வதே இல்லை. ரெபெக்காவைவிட அதுதான் உசத்தி என்று வாதாடும் கூட்டம் ஒன்று உண்டு. மற்றவர்கள் எழுதிய ரெபெக்கா தொடர்ச்சி நாவல்கள் இருக்கின்றன, அவசரமில்லை.

யாரோ முடிவைச் சொல்லித் தொலைத்துவிட்டார்கள், இனி படிக்கலாமா?

தாராளமாக. முதல் தடவை எல்லோரும் ரெபெக்காவைத்தான் தேடுவோம். முடிவு தெரிந்து படிக்கும்போது மேக்ஸிமைப் பார்க்கலாம். மான்டி கார்லோவில் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போய் ஒரு மலை விளிம்பில் நிறுத்திவிட்டுச் சிலையாக நிற்கிறாரே, அது ரெபெக்கா தேனிலவில் தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்ன இடம். நாய் கடற்கரைக் குடிசைப் பக்கம் ஓடியதற்கு அவ்வளவு கோபம், காரணம் கொலை நடந்தது அங்கே. முதல் தடவை மனைவியை மறக்க முடியாத சோகம் என்று படித்த ஒவ்வொரு மௌனமும் அடுத்த தடவை மாட்டிக்கொள்ளும் பயமாக மாறும், ஒரு வரிகூட மாறாமல். அப்படியே எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஃபிராங்க் க்ராலியையும் ஒரு கண் வைத்திருங்கள். மிக நல்ல மனிதர், சலிப்பூட்டும் அளவுக்கு நல்லவர், முதல் வாசிப்பில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவருக்கு எல்லாம் தெரியும், தெரியும் என்பது மேக்ஸிமுக்குத் தெரியாது.